கேலக்ஸிக் குழுவின் சூடான வாயுவில் இரும்பை அளப்பது எப்படி

கேலக்ஸிக் குழுக்களை நிரப்பியிருக்கும் வாயு ஏறக்குறைய 1 கோடி கெல்வின் சூட்டில் எக்ஸ்-கதிர் வீசுகிறது. அதிலுள்ள இரும்பும் சிலிக்கானும் கந்தகமும் சூப்பர்நோவாக்கள் கக்கியவை. நிறமாலையில் மாதிரியைப் பொருத்தினால் இரும்பின் அளவு வந்துவிடும். ஆனால் அது சரியான அளவில் பாதிகூட இல்லாமல் போவதுண்டு. இங்கே சொல்வது எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் எபிக் கேமராத் தரவுக்கு (எபிக் என்பது ஒரு பிஎன் கேமராவும் இரண்டு மாஸ் கேமராக்களும் சேர்ந்தது). எடுத்துக்காட்டு, என்ஜிசி 5044 குழு: சிவப்புப்பெயர்ச்சி சுமார் 0.009, வெப்பநிலை 1 கேஇவியை (கிலோ எலக்ட்ரான்வோல்ட், எக்ஸ்-கதிர் ஆற்றலுக்கும் வாயு வெப்பநிலைக்கும் வழங்கும் அலகு) ஒட்டி.

முதலில் புரோட்டான் வெடிப்புகளை, அதாவது விண்வெளிப் புரோட்டான்கள் கேமராவில் மோதிப் பின்னணி திடீரென எகிறும் நேரங்களை, கழியுங்கள். 100 நொடித் துண்டுகளாக ஒளிவரைவு எடுத்து, பிஎன் கேமராவில் 10–12 கேஇவி பட்டையில் நொடிக்கு 0.4, மாஸ் கேமராக்களில் 10 கேஇவிக்கு மேல் 0.35 என்ற எண்ணிக்கையைத் தாண்டும் நேரங்களை வெட்டலாம். இந்த வரம்புகள் தொடக்கத்துக்குத்தான். ஒளிவரைவைக் கண்ணால் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு புள்ளி மூலங்களை மறைத்து, மையத்திலிருந்து வளையங்களாகப் பிரியுங்கள். தொலைநோக்கியின் மங்கல் 15 விகலை (ஒரு விகலை என்பது பாகையின் 3600இல் ஒரு பங்கு) அளவு என்பதால் வளையத்தின் அகலம் 30 விகலைக்குக் குறையக் கூடாது.

பின்னணியைக் கழிக்காமல் மாதிரியாகவே சேர்ப்பது நல்லது. இந்தக் குழு கேமராவின் பார்வைப்புலம் முழுக்கப் பரவியிருப்பதால், ஓரத்தில் எடுக்கும் 'பின்னணி'யிலும் குழுவின் வாயுவே கலந்திருக்கும். நம் பால்வீதிக்கு 0.1, 0.2 கேஇவி அளவில் இரண்டு வெப்பக்கூறுகள், தொலைதூரக் குவாசர்களுக்கு 1.4 அடுக்கெண் கொண்ட அடுக்குவிதி, கருவிக்குத் தனிக்கூறு. 1.49 கேஇவியில் கேமராவின் அலுமினியக் கோடும், மாஸில் 1.74இல் சிலிக்கான் கோடும் நிற்கும். விட்டுவிட்டால் மெக்னீசியம், சிலிக்கான் அளவுகள் கெடும். மைய வளையத்தில் கேலக்ஸியின் எக்ஸ்-கதிர் இரட்டை விண்மீன்களுக்காக 7.3 கேஇவி பிரெம்ஸ்ட்ராலுங் (கோடுகளற்ற தொடர் கதிர்வீச்சு) கூறு ஒன்றும் தேவை.

இனிதான் வில்லங்கம். 0.7 கேஇவி வாயுவில் இரும்பின் எல்-கோடுகள் (இரும்பு அயனிகள் உமிழும் நெருக்கமான கோடுகளின் கூட்டம்) 0.7–0.9 கேஇவியில் குவியும்; 1.3 கேஇவி வாயுவில் அந்த மேடு 1.1 பக்கம் நகரும். ஒரே வளையத்தில் இரண்டும் கலந்தால் மேடு அகலமாகும். ஒற்றை வெப்பநிலை மாதிரிக்கோ அகலமான மேட்டை உருவாக்க வழியில்லை. ஆகவே அது தொடர் நிறமாலையை உயர்த்தி, கோடுகளைத் தாழ்த்தி ஈடுகட்டும், இரும்பு குறைந்துவிடும். 1990களில் ஆஸ்கா என்ற ஜப்பானிய எக்ஸ்-கதிர் செயற்கைக்கோளின் தரவில் குழுக்களுக்குக் கிடைத்த மிகக் குறைந்த இரும்பு அளவுகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். வானியலாளர் டேவிட் புவோட் இதைத்தான் 'இரும்புச் சாய்வு' என்றார்.

எனவே ஒற்றை வெப்பநிலையில் தொடங்கினாலும் அங்கே நிற்காதீர்கள். இரண்டாம் வேபெக் கூறை (தனிம அளவுகளைத் தனித்தனியே மாற்றக்கூடிய வெப்பவாயு மாதிரி) சேர்த்து, தனிம அளவுகளை இரண்டுக்கும் பொதுவாகக் கட்டுங்கள். இரும்பு, சிலிக்கான், கந்தகம், மெக்னீசியம், ஆக்சிஜன் தனித்தனியே மாறட்டும். நிக்கலை இரும்போடு கட்டலாம். வழியில் எக்ஸ்-கதிரை உறிஞ்சும் பால்வீதி ஹைட்ரஜனைச் சதுர செ.மீ.க்கு 5×10²⁰ அணு என்ற அளவில் நிலைநிறுத்துங்கள். பொருத்தத்தை அளக்க, கை-வர்க்கத்துக்குப் பதில் குறைந்த எண்ணிக்கைக்கும் ஏற்ற சி-புள்ளியியல். இரும்பு ஏறினால் வாயு அடர்த்தி இறங்கும், ஆகவே இரண்டுக்கும் சேர்த்துப் பிழை வரைபடம் போடாமல் எண்ணை வெளியிட வேண்டாம். 2–4 கேஇவி பின்னணியை 10 சதவீதம் ஏற்றி இறக்கியும் பாருங்கள். வெளி வளையத்தில் இரும்பு ஆடினால், அது பெரும்பாலும் பின்னணி காட்டும் வேலை.

இரும்பின் அளவு சூரியனில் உள்ளதை 1 எனக் கொண்டு சொல்வது என்பதால், சூரிய அளவுப் பட்டியல் எது என்று கட்டாயம் குறிக்க வேண்டும். ஆண்டர்ஸ்-கிரெவெஸ் 1989இல் இரும்பு/ஹைட்ரஜன் 4.68×10⁻⁵, ஆஸ்ப்லண்ட் 2009இல் 3.16×10⁻⁵. பழைய பட்டியலின் 0.5, புதியதில் 0.74. ஏராளமான 'முரண்பாடுகள்' இவ்வளவுதான்!

நிறைக்கு மாற்றுவது எளிது: ஆஸ்ப்லண்ட் பட்டியலில் வாயு நிறை × 0.0013 (சூரியக் கலவையில் இரும்பின் நிறைப் பங்கு) × இரும்பு அளவு. 10¹¹ சூரிய நிறை வாயு, அளவு 0.5 என்றால் 6.5 கோடி சூரிய நிறை இரும்பு. ஒரு ஐஏ வகை சூப்பர்நோவா (வெண்குறுமீன் வெடிப்பு) சுமார் 0.7 சூரிய நிறை இரும்பு தரும். அவை மட்டுமே தந்திருந்தால் 9 கோடிக்கு மேல் வெடித்திருக்க வேண்டும். நிறைமிகு விண்மீன்களின் பங்கைப் பிரிக்க ஆக்சிஜன் வேண்டும், ஆனால் அதை எபிக்கில் நம்பாதீர்கள்: பால்வீதியின் 0.65 கேஇவி கோட்டையும் குழுவின் கோட்டையும் எபிக்கின் சிசிடி உணரி பிரிக்காது. அதே தொலைநோக்கியின் ஆர்ஜிஎஸ் நிறமாலைமானியின் தரவை எடுங்கள். மூலத்தின் பரப்பு ஒரு கலைக்கு (60 விகலை) 0.138 ஆங்ஸ்ட்ராம் வீதம் கோட்டை அகலப்படுத்தும் என்பதையும் மாதிரியில் சேருங்கள். புதிய எக்ஸ்-கதிர் செயற்கைக்கோளான எக்ஸ்ரிஸமின் ரிசால்வ் நிறமாலைக் கருவி கைகொடுக்கும் என்று காத்திருப்பவர்களுக்கு: அதன் வாயில் மூடி திறக்காததால் 1.7 கேஇவிக்குக் கீழே பயன்படுத்த முடியாது. சிலிக்கானும் கந்தகமும் கிடைக்கும், குழுக்களின் இரும்பு எல்-கோடுகள் கிடைக்காது.