இராமநாதபுரக் கடற்கரை ஊர்ப்பெயர்களைப் படிப்பது எப்படி

ஊர்ப்பெயரை ஆராயும் முன் அதன் முழு வடிவத்தை அறிந்துகொள்ள வேண்டும். பேருந்துப் பலகையில் எஸ்.பி.பட்டினம் என்றிருக்கும் ஊர் சுந்தரபாண்டியன்பட்டினம் என்று தெரிந்த பிறகே அதிலுள்ள பாண்டியன் பெயர் புலப்படும். பிறகு பெயரை ஈற்றிலிருந்து படிக்க வேண்டும். பென் நெவிஸ் முதலான ஸ்காட்லாந்து மலைப்பெயர்களில் மலையைக் குறிக்கும் ‘பென்’ முன்னே நிற்கிறது; தமிழிலோ இடத்தின் வகையைச் சொல்லும் சொல் பின்னே வரும்.

‘பட்டினம்’ என்றால் கடற்றுறை ஊர். பெரியபட்டினத்தின் இன்றைய அளவைப் பார்த்து அப்பெயரை மிகை என்று எண்ணுவோர் உண்டு; ஆனால் அங்கு அகழ்ந்தெடுத்த சீனப் பீங்கான் ஓடுகள் அது உண்மையிலேயே பெரிய துறையாக இருந்ததைக் காட்டுகின்றன. அழகன்குளத்தில் இந்த வழி பயன்படாது. ரோமானிய நாணயங்களும் மதுச்சாடி ஓடுகளும் கிடைத்த அப்பழந்துறையின் பெயரில் ஒரு குளம் மட்டுமே இருக்கிறது. அத்தகைய இடங்களில் பக்கத்து ஊரின் பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: அருகிலுள்ள ஆற்றங்கரை, வைகை கடலில் கலக்கும் இடம் அது என்பதைச் சொல்லிவிடுகிறது, துறை அங்கு அமைந்த காரணமும் விளங்கிவிடும்.

அடுத்து, பெயர் சொல்வது நிலத்தில் இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். கழிநிலத்துச் செடியான முள்ளியின் பெயரைத் தாங்கிய முள்ளிமுனையும் அதன் அருகிலுள்ள காரங்காடும் இன்றும் அலையாத்திக் காடுகளை ஒட்டியே இருக்கின்றன.

தலபுராணக் கதைகளைக் கடைசியில் கேட்பதே நல்லது. தங்கச்சிமடம், அக்காமடம் என்ற பெயர்களுக்குச் சேதுபதி குடும்பத்துச் சகோதரிகளின் கதையைச் சொல்வார்கள். அது பெயரின் முற்பாதிக்கு மட்டுமே விளக்கம். ‘மடம்’ என்ற பிற்பாதிக்குக் காரணம், இராமேசுவரத்துக்கு யாத்திரிகர்கள் நடந்துசென்ற வழி. தனுஷ்கோடிக்கு இராமனின் வில்லைக் காட்டுவார்கள். ஆனால் கோடி என்றால் முனை என்பதும், நாகப்பட்டினத்துக் கடற்கரையில் கோடியக்கரையும் ஒரு நில முனையிலேயே இருப்பதும் கவனிக்கத்தக்கவை.

தீவுகளின் பெயர்களை மீனவர்களிடமே கேட்டு, அவர்கள் ஒலிப்பது போலவே எழுதிக்கொள்ள வேண்டும். ஆங்கில வரைபடங்கள் ‘ஹேர்’ என்று குறிக்கும் தீவு அவர்களுக்கு முசல்தீவு. முயலைத்தான் முசல் என்கிறார்கள். வேம்பார்ப் பக்கம் நல்லதண்ணித்தீவும் உப்புத்தண்ணித்தீவும் இருக்கின்றன. படகில் செல்பவர்கள் குடிநீரைப் பற்றிப் பேசும் சொற்களே அங்கு தீவுகளின் பெயர்களாக நிலைத்திருக்கின்றன.