‘நீங்கள் போங்கள், நாங்கள் வந்துவிடுகிறோம்’: குழுவாக வண்டிப் பயணம் போகும் தம்பதியரின் தவறுகள்

போன மாதம் இங்கே தென்னாப்பிரிக்காவில், எங்கள் மோட்டார்சைக்கிள் குழுவோடு புல்வர் ஊரைத் தாண்டி அண்டர்பெர்க் போகும் வழியில், எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த வண்டி சட்டென்று ஓரம் கட்டியது. டொங்காட்டிலிருந்து வரும் புதுத் தம்பதி. அவர்களுக்கு இது இரண்டாவது குழுப் பயணம். பையைக் கட்டியிருந்த வார் அவிழ்ந்து பின்சக்கரத்தின் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்களும் நிறுத்தினோம். அந்தப் பையன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கையை ஆட்டி, “நீங்கள் போங்கள் அக்கா, நாங்கள் வந்துவிடுகிறோம்” என்றான்.

எனக்குச் சுரீரென்றது. 2013இல் இதே வார்த்தைகளை என் கணவர் சொன்னார். அதற்கு விலையாக என் இடது மணிக்கட்டில் இன்றும் மழைக்காலத்தில் ஒரு குடைச்சல் இருக்கிறது.

நான் தஞ்சாவூரிலிருந்து கல்யாணமாகி டர்பன் வந்தவள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பின்னால் உட்காரத் தெரியும். அது ஒரு தனி வேலை என்பதை இத்தனை வருடப் பயணங்களில் கற்றுக்கொண்டேன். இப்போது எங்கள் குழுவில் கடைசி வண்டி எங்களுடையது. எல்லாருடைய முதுகையும் பார்த்துக்கொண்டே போவதால், யார் எங்கே தவறு செய்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது.

ஹெல்மெட் போடுங்கள், பகலிலும் முன்விளக்கு எரியட்டும், குடித்துவிட்டு ஓட்டாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர்கள் பஸ்ஸில் போகலாம்.

கார்க் கணக்கில் தூரம் போடுவது

காரில் டர்பனிலிருந்து ஒரே நாளில் 600 கிலோமீட்டர் போனவர்கள், வண்டியிலும் அப்படியே கணக்குப் போடுகிறார்கள். பெருவழிச் சாலையில் ஒருவேளை முடியும். ஆனால் நாம் போவது அழகுக்காகத் தேர்ந்தெடுத்த கிளைச்சாலைகளில். குழி, கணவாய், ஆட்டு மந்தை, படம் எடுக்க நிற்பவர்கள் என்று பல இருக்கும். எட்டு வண்டிகள் ஒரு பெட்ரோல் பங்கில் நின்று கிளம்ப அரை மணி நேரம் ஆகும். இருவர் உட்கார்ந்த வண்டிக்கு ஒரு நாளைக்கு 350 போதும் என்பது என் கணக்கு. குளிர்காலத்தில் அதுவும் அதிகம். ஜூன் மாதத்தில் டர்பனில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது.

இருட்டிய பிறகு கோக்ஸ்டாட் தாண்டிய பகுதிகளில் ஓட்டவே ஓட்டாதீர்கள். வேலி இல்லாத ஊர்கள். பகல் வெயிலில் சூடேறிய தார், குளிர்ந்த இரவில் மாடுகளுக்குப் பஞ்சு மெத்தை. கறுப்புச் சாலையில் படுத்திருக்கும் கறுப்பு மாடு, அதன் கண் மின்னும்போதுதான் தெரியும்.

பெரிய டாங்கை நம்புவது

குழுவில் யாருடைய டாங்க் சிறியதோ, அதுதான் குழுவின் டாங்க். கரூ என்கிற வறண்ட பகுதியில், அபர்டீனிலிருந்து வில்லோமோர் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் வெட்டவெளி. எதிர்காற்று அடித்தால், இருவரும் சாமான்களும் ஏறிய வண்டி வழக்கத்தைவிட அதிகம் குடிக்கும். ஊர் வந்ததும் மின்வெட்டு என்றால் அட்டை இயந்திரமும் வேலை செய்யாது. ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் இருப்பவரை மூட்டையாக நினைப்பது

மூட்டை பேசாது. நாங்கள் பேசுவோம்.

இன்னும் கொஞ்சம் சொல்லலாம். தனியாக ஓட்டும்போது வைத்திருந்த காற்றழுத்தமும் பின்ஸ்பிரிங் இறுக்கமும் இருவருக்குப் போதாது. இருவர் ஏறினால் எவ்வளவு என்று வண்டிக் கையேட்டிலேயே தனியாக அச்சிட்டிருக்கும். அதை யாரும் புரட்டுவதில்லை. பின்பக்கம் அமிழ்ந்து, முன்விளக்கு மரத்து உச்சியைப் பார்க்கும். முன்சக்கரம் லேசாகி, வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. கனமான பொருள்களைப் பின்னால் வால்போலக் கட்டினால் இன்னும் மோசம். அவற்றைப் பக்கப் பெட்டிகளின் அடியில் வையுங்கள்.

முதல் வண்டி முந்தினால் எட்டாவதும் முந்தலாம் என்பது

புல்வர் பக்கமும் யூகி பக்கமும் மரம் ஏற்றிய லாரிகள் ஊர்ந்து போகும். லாரிக்காரர் சாலையோர மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி வழிவிடுவார். நாம் விளக்கைச் சிமிட்டி நன்றி சொல்வோம். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. ஆனால் அவர் வழிவிட்டது முதல் வண்டிக்கு. உங்கள் முறை வரும்போது எதிரில் என்ன வருகிறது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஒரு வாக்கியம்

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் குழு எப்படி நகர்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் ஒரு தலைவண்டி, கடைசியில் ஒரு வால்வண்டி. வால்வண்டிக்காரர் பளிச்சென்ற மஞ்சள் மேலங்கி போட்டிருப்பார். சாலை பிரியும் இடம் வந்ததும், தலைவண்டிக்கு அடுத்து வருபவர் அந்த முக்கிலேயே நின்று, பின்னால் வருபவர்களுக்கு வழி காட்டுவார். எங்கள் குழுவில் அவரை முக்குக்காரர் என்போம். மஞ்சள் மேலங்கி கண்ணில் படும்வரை அவர் அசையக் கூடாது. அது தெரிந்ததும் வால்வண்டிக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த முக்கில் வேறொருவர் நிற்பார். இந்த ஏற்பாட்டில் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. முன்னால் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வழி தப்பாது. மெதுவாகப் போகிறவர் மெதுவாகவே போகலாம்.

2013இல் புரட்டாசி விரதம் முடிந்த வார இறுதியில் கிளம்பினோம். எங்கள் ஆட்கள் எப்போதும் புரட்டாசி முடியக் காத்திருப்பார்கள். வழிநெடுக இறைச்சி சுட வேண்டுமே. முதல் இரவு கோக்ஸ்டாட்டில் தங்கினோம். மறுநாள் ஆர்56 சாலையில் மவுண்ட் பிளெட்சர், மக்ளியர், எலியட் வழியாகப் போய், அங்கிருந்து பார்க்லி கணவாய் ஏறி பார்க்லி ஈஸ்ட் சேர்வதாகத் திட்டம். முழுக்கத் தார்ச்சாலை. இருவர் உட்கார்ந்த கனமான வண்டிகளுக்காகவே அந்த வழியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

மக்ளியர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மழை பிடித்துக்கொண்டது. மழைக்கோட்டு எடுக்க நிறுத்தினோம். எங்கள் பின்னால் வால்வண்டியில் வந்த அண்ணனும் நிறுத்தினார். கோட்டு பையின் அடியில் இருந்தது. துணிமணி, மாத்திரை டப்பா, முறுக்கு டின் எல்லாம் நனைந்துகொண்டு வெளியே வந்தன. அந்த மழையில் அவர் நிற்பது என் கணவருக்குப் பொறுக்கவில்லை. “நீங்கள் போங்கள் அண்ணே, நாங்கள் வந்துவிடுகிறோம்” என்றார். அண்ணன் தயங்கி என்னைப் பார்த்தார். நானும் கையை ஆட்டினேன். இதை மறைக்க மாட்டேன்.

அவர் போனார். மக்ளியர் முக்கில் நின்றவர் மஞ்சள் மேலங்கியைப் பார்த்தார், கிளம்பினார். விதிப்படி அவர் செய்தது சரி. தலைவண்டிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். தூரத்தில் மஞ்சள் தெரிந்தது. அவரும் சரி. எல்லாரும் சரியாக நடந்துகொண்டு எங்களைத் தொலைத்துவிட்டார்கள்.

இருபது நிமிடம் கழித்து நாங்கள் அங்கே வந்தபோது முக்கில் ஒருவரும் இல்லை. கணவர் தொலைபேசியில் பார்க்லி ஈஸ்ட் என்று போட்டார். அது ரோட்ஸ் ஊர் வழியாக ஒரு குறுக்குக் கோடு காட்டியது. “எல்லாரும் இப்படித்தான் போயிருப்பார்கள்” என்றார். அந்தக் கோடு நவ்டேஸ் நெக் கணவாய் வழியாக 2,500 மீட்டருக்கு மேல் ஏறுகிற சரளைச் சாலை என்று தொலைபேசி சொல்லவில்லை. தார் முடிந்ததும் திரும்பியிருக்கலாம். ஆனால் நனைந்த சரிவில், சாமான் ஏற்றிய வண்டியைத் திருப்புவதைவிட முன்னால் போவது எளிதாகத் தெரிந்தது. அதைவிட, நமக்காக அவர்கள் அங்கே காத்திருப்பார்களே என்ற நினைப்பு அவரைத் துரத்தியது. காக்கவைக்கக் கூடாதென்று சொன்ன அந்த வாக்கியமே எங்களை அவசரப்படுத்தியது. ஒரு வளைவில் முன்சக்கரம் வழுக்கியது. முப்பது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. இடது பக்கம் சாய்ந்தோம். என் கை அடியில் போனது. ஒரு பெட்டி பிய்ந்து பள்ளத்தில் உருண்டது. கிளட்ச் பிடி ஒடிந்தது.

தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து, ஆடு வளர்க்கும் பண்ணைக்காரர் ஒருவர் வந்தார். பின்னால் திறந்த சிறு லாரியை இந்த நாட்டில் ‘பாக்கி’ என்பார்கள். அன்று எங்கள் அதிர்ஷ்டத்தில் மீதி இருந்தது அந்த ஒரு பாக்கிதான்.

பார்க்லி ஈஸ்ட்டில் அடுப்பு மூட்டி, தட்டுகளை எண்ணியபோதுதான் இரண்டு மிஞ்சியது தெரிந்திருக்கிறது. வண்டியை டர்பனுக்கு இழுத்துவர ஆன செலவும் பழுதுச் செலவுமாக, அந்த வருடத் தீபாவளிக்கு எடுத்துவைத்திருந்த பணம் காலி. இரண்டு வாரத்தில் தீபாவளி. மாவுக்கட்டுக் கையோடு முறுக்கு பிழிய முடியாமல் உட்கார்ந்து, மாமியார் பிழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கை உடைந்தது எனக்கு இன்று பெரிதில்லை. எரிச்சல் வேறு. எந்த விதியையும் இவ்வளவு எளிதாக மரியாதையால் உடைத்துவிட முடிகிறதே என்பதுதான். நம் வீடுகளில் பிறரைக் காக்கவைப்பது பெரிய குற்றம். “எனக்காக உட்கார்ந்திருக்காதீர்கள், சாப்பிடுங்கள்” என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். பந்தியில் அது நல்ல குணம். சாலையில் வால்வண்டியை முன்னால் அனுப்புவது, கடைசிப் பெட்டியைக் கழற்றிவிட்டு ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டுவது போன்றது. அந்த அண்ணன் இன்றும் என்னைப் பார்த்தால் தன்னையே திட்டிக்கொள்கிறார். அவருக்கு நாங்கள் செய்த கெடுதல் அது.

அதனால் இப்போது எங்கள் குழுவில், வால்வண்டிக்காரர் யார் சொன்னாலும் நகர மாட்டார். கெஞ்சினாலும், திட்டினாலும். கூச்சப்படுகிறவருக்கு அந்த வேலையைக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் நான் ஹெல்மெட்டுகளை எண்ணுகிறேன். வண்டிகளை எண்ணினால் போதாது, பின்னால் ஆள் ஏறாமல் கிளம்பிய கதையும் எங்களிடம் உண்டு. வழி தவறினால் தேடிக்கொண்டு போகக் கூடாது. கோயில் திருவிழாவில் குழந்தைக்குச் சொல்வோமே, கை விட்ட இடத்திலேயே நில் என்று, அதே விதி. குழுவைக் கடைசியாகப் பார்த்த இடத்தில் நில்லுங்கள். அவர்கள் திரும்பி வருவார்கள். தொலைபேசி காட்டும் குறுக்கு வழி உங்களை மட்டும்தான் கூட்டிப்போகும்.

மழைக்கோட்டை அடியில் வைப்பது

மேலே வையுங்கள்.

அழகு என்றால் சரளைச் சாலைதான் என்பது

தாமஸ் பெயின் கட்டி 1888இல் திறந்த ஸ்வார்ட்பெர்க் கணவாயின் படத்தைப் பார்த்துவிட்டு, முதல் நீண்ட பயணத்திலேயே மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அங்கே போக ஆசைப்படுகிறார்கள். 1,583 மீட்டர் உயரம், கைப்பிடிச் சுவராக அடுக்கிய கல், அடியில் பள்ளம், காலுக்குக் கீழே சரளை. அதே மலைத்தொடரை மெய்ரிங்ஸ்பூர்ட் வழியாகத் தார்ச்சாலையில் கடக்கலாம். சாலை ஆற்றை 25 இடங்களில் தாண்டுகிறது. இரண்டு பக்கமும் செம்பாறை மடிப்பு மடிப்பாக நிற்கிறது. பின்னால் இருப்பவள் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கிற அழகுதான் அழகு.

பழைய பெயரில் ஊரைத் தேடுவது

கிரஹாம்ஸ்டவுன் 2018இல் மக்காண்டா ஆனது. போர்ட் எலிசபெத் 2021இல் கெபெர்ஹா ஆனது. நான் மேலே மக்ளியர் என்று எழுதிய ஊருக்கும் இப்போது வேறு பெயர். கோசா மொழியில் நாக்கைச் சொடுக்கிச் சொல்ல வேண்டிய ஒலி அதில் வருகிறது, தமிழ் எழுத்தில் அதற்கு வழியில்லை. தலைவண்டிக்காரர் பழைய பெயரைச் சொல்வார், பலகை புதிய பெயரைச் சொல்லும். கிளம்புமுன் இரண்டையும் தாளில் எழுதி டாங்க் பையில் வையுங்கள்.

வளைவிலும் இரண்டிரண்டாகப் போவது

கல்யாண ஊர்வலத்தில் போகலாம்.

அந்த டொங்காட் பையன் கையை ஆட்டியதும் என் கணவர் என்ஜினை அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் சாலையோர மதகுக் கட்டையில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். பையனின் முகம் சிவந்துவிட்டது. அவன் மனைவி சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாரை அவன் மூன்று முறை கட்டி மூன்று முறை அவிழ்த்தான். கடைசியில் என் கணவர் போய்க் கட்டிக்கொடுத்தார். அண்டர்பெர்க் முக்கில் நின்றவர் நாற்பது நிமிடம் வெயிலில் காய்ந்திருந்தார். மஞ்சள் மேலங்கியைப் பார்த்ததும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, “புளிசாதம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா அக்கா?” என்று கேட்டார்.

தீர்ந்துபோயிருந்தது.