எம்.எஸ்சி. காட்டுயிரியல்: காட்டுக்குள் போகும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

காட்டுயிரியல் படிக்க வேண்டும் என்று வரும் மாணவர்களிடம் என்ன ஆய்வு செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு விலங்கின் பெயர்தான் பதிலாக வரும். புலி, யானை, சிறுத்தை. அந்த ஆசையில் தவறே இல்லை. அது இல்லாமல் இந்தத் துறையில் தாக்குப்பிடிக்கவும் முடியாது. ஆனால் விலங்கை முதலில் முடிவுசெய்துவிட்டு, அப்புறம் அதற்கு ஒரு கேள்வியைத் தேடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

எம்.எஸ்சி. ஆய்வில் களத்துக்குக் கிடைப்பது நான்கைந்து மாதம். சரி, ஒரு காட்டில் கடமான் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று கணிக்கப் போகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். விடிந்ததும், முன்பே குறித்துவைத்த நேர்கோட்டுப் பாதையில் சத்தமில்லாமல் நடப்பீர்கள். மான் கண்ணில் பட்டால் ரேஞ்ச்ஃபைண்டரில் தூரம், திசைகாட்டியில் கோணம், கூட்டத்தில் எத்தனை, மணி என்ன, எல்லாம் தாளில் ஏறும். பாதையிலிருந்து தள்ளி நிற்கும் விலங்கு கண்ணுக்குத் தப்பும் வாய்ப்பு அதிகம். தூரம் கூடக் கூட பார்வைக்குச் சிக்குவது எப்படிக் குறைகிறது என்பதை வைத்துத்தான், தப்பியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறோம். அந்தக் கணக்கு நம்பும்படி வர, ஓர் இனத்துக்கு 60 முதல் 80 பதிவுகளாவது வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. முதுமலையின் இலையுதிர் காட்டில் புள்ளிமானுக்கு அது சேர்ந்துவிடும். களக்காட்டு மலைமேல் உள்ள மழைக்காட்டில் கடமானுக்கு? பருவம் முழுக்க நடந்தாலும் அதில் கால்வாசிகூடத் தேறாமல் போகலாம். அதன்பிறகு எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்த ஆய்வு நிற்காது.

அதனால் "இந்தக் கேள்விக்கு இந்த இடத்தில், இந்த மாதங்களுக்குள் பதில் கிடைக்குமா?" என்று முதலில் பாருங்கள். புலிக்கு உடம்பில் வரி இருக்கிறது, காட்டில் பொருத்திவைக்கும் தானியங்கி கேமராவில் சிக்கிய ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காணலாம். செந்நாயை அப்படிப் பிரிப்பது கடினம். நாங்குநேரியில் பிறந்து சிவகாசிக் கல்லூரியில் பாடம் நடத்திய ஏ.ஜே.டி. ஜான்சிங், 1970-களின் பிற்பகுதியில் பந்திப்பூரில் செந்நாய்களை ஆராய்ந்தபோது அவை கொன்ற இரையையும் போட்ட எச்சத்தையும் தேடித்தேடிச் சேகரித்தார். அந்த விலங்குக்கு எது சரிப்படுமோ அந்த வழி. தவளை, வௌவால், தட்டான், வயல்வெளிப் பறவை என்று போனால் நான்கு மாதத்தில் நிறைவான ஆய்வே செய்துவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது.

அடுத்தது கணக்கு. "கணக்கு வராது, அதனால்தான் உயிரியல் எடுத்தேன்" என்று சொல்லும் மாணவர்களுக்கு நான் நினைவுபடுத்துவது சரிஸ்காவை. ராஜஸ்தானில் உள்ள அந்தப் புலிகள் காப்பகத்தில், காலடித் தடங்களை வைத்து எடுத்த கணக்கில் ஆண்டுதோறும் புலிகள் இருந்துகொண்டே இருந்தன. 2005-ல் நாடே அதிர்ந்துபோனது: அங்கே ஒரு புலிகூட மிச்சமில்லை. கேமராப் படங்களையும் புள்ளியியலையும் சேர்த்துப் புலிகளைக் கணிக்க முடியும் என்று புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் செய்த ஆய்வை 1995-லேயே வெளியிட்டிருந்தார். சரிஸ்காவுக்குப் பிறகுதான் நாடு தழுவிய கணக்கெடுப்பு அந்தப் பக்கம் திரும்பியது. 2006-ல் நடந்த கணக்கெடுப்பின் முடிவு 1,411 புலிகள். எண்ணும் முறை தவறினால் ஒரு காட்டில் புலி அழிந்ததுகூட வெளியே தெரியாது. முதல் பருவத்திலேயே புள்ளியியலுக்கான ஆர் (R) மென்பொருளையும் வரைபடங்களுக்கான கியூஜிஐஎஸ்ஸையும் (QGIS) பழகத் தொடங்குங்கள், இரண்டும் இலவசம். தரவு சேகரித்து முடித்துவிட்டுப் புள்ளியியல் தெரிந்தவரைத் தேடி ஓடினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. களத்துக்குப் போகும் முன்பே அவரிடம் போங்கள்.

கேமராவில் ஒன்றும் விழாத இரவுகளைப் பதிவு செய்யாமல் விடுவதும் இதே வகைத் தவறுதான். புனுகுப்பூனை பத்து இரவு வரவில்லை என்பதும் தரவு. அது தெரிந்தால்தான் விலங்கு அங்கே இல்லையா, இருந்தும் சிக்கவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

எங்கே படிப்பது என்பதில் பெயரை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனத்தின் எம்.எஸ்சி. 1988-லிருந்து நடக்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் (என்.சி.பி.எஸ்.) காட்டுயிரியல் படிப்பில் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் சேர்க்கை. ஆனால் எந்தப் பாடத்தில் இளநிலை முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் இருந்துவிட்டு, விலங்கியல் படிக்கவில்லையே என்று கவலைப்படும் பொறியியல் மாணவர்கள் ஏராளம். தமிழ்நாட்டிலேயே மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிரியல் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் கைடு யார் என்பதுதான் பெரிய விஷயம். அவரிடம் படித்து முடித்த சீனியர்களிடம் நேராகக் கேளுங்கள்: களத்துக்கு வருவாரா, வரைவைப் படித்துத் திருப்பித் தர எத்தனை வாரம் ஆகும், கட்டுரை வெளியானால் மாணவர் பெயர் எங்கே வரும்?

வனத்துறை அதிகாரி ஆவதற்காக இதில் சேர்வது வீண் சுற்று. இந்திய வனப் பணி யு.பி.எஸ்.சி. தேர்வு வழியாக வருவது. உரிய பாடத்தில் இளநிலைப் பட்டமே அதற்குப் போதும்.

அனுமதி விஷயத்தில் அசட்டையாக இருந்து பருவத்தையே இழந்தவர்கள் உண்டு. சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ ஆய்வு செய்ய, 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். விலங்கைப் பிடிப்பதாக இருந்தால் அதற்குத் தனி அனுமதி. அந்தச் சட்டம் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் மத்திய அரசின் ஒப்புதலும் தேவை. இதெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். காப்பகத்துக்கு வெளியே, தேயிலைத் தோட்டத்திலோ ஏரியிலோ இரண்டாவது திட்டம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

கடைசியாக, உங்களோடு நடக்கப்போகும் மனிதர்கள். நீலகிரியில் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், ஆனைமலையில் காடர், பொதிகையில் காணிக்காரர் என்று களஉதவியாளர்கள் பலரும் அந்தந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். யானை அருகில் இருப்பதை உங்களுக்கு முன் அவர் அறிவார். நில் என்றால் நிற்க வேண்டும். அவருக்கான சம்பளம், விபத்துக் காப்பீடு, ஷூ, மழைக்கோட்டு எல்லாவற்றையும் ஆய்வுக்கான பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள். ஆய்வேட்டின் நன்றியுரையில் "உள்ளூர் மக்கள்" என்று பொதுவாக முடிக்காமல், அவர் சம்மதித்தால் பெயரைப் போடுங்கள். ஆய்வு முடிந்ததும் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதி, ரேஞ்சர் அலுவலகத்துக்கும் அந்த ஊருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள்.