அமெரிக்கக் கல்லூரி சாக்கர் கோச் பதில் போடவில்லையா?

பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 வரை, என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு) முதல் டிவிஷன், அதாவது அதன் மேல்மட்டப் பிரிவின், கோச்சுகள் ஆள்சேர்ப்பு பற்றி மாணவருக்குப் பதில் எழுதக் கூடாது. விதியே அப்படி. அதனால் பதில் வரவில்லை என்று சோர்ந்துபோய் நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை தாராளமாக எழுதலாம்.

கிளப் டோர்னமென்டுக்கு ஒரு வாரம் முன்பே மெயில் போய்விட வேண்டும். சப்ஜெக்ட் வரியிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், கிளப் பெயர், ஜெர்சி எண். உள்ளே ஆட்டத் தேதி, நேரம், மைதான எண், வீடியோ லிங்க், மதிப்பெண் சராசரி. எழுதுவது பிள்ளையாகவே இருக்கட்டும், அப்பா அம்மா வேண்டாம்.

வீடியோவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூன்று நான்கு நிமிடம் போதும், சிறந்த காட்சி முதலில். பந்து காலுக்கு வந்த பிறகு தொடங்கும் துண்டுகளால் பயனில்லை. அதற்கு முன் பிள்ளை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தானா, உடலை எந்தப் பக்கம் திறந்து நின்றான் என்பதைத்தான் கோச் தேடுவார். பந்து வருவதற்கு இரண்டு நொடி முன்பே காட்சியை நிறுத்தி, பிள்ளையைச் சுற்றி வட்டம் போடுங்கள். டிஃபென்டர் என்றால் பந்தைப் பறித்ததோடு வெட்டாமல், அடுத்த பாஸையும் விடுங்கள்.

முதல் டிவிஷனில் ஆட, பள்ளிப் படிப்பில் 16 கோர் பாடங்கள் (ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்ற அடிப்படைப் பாடங்கள்) தேவை. அவற்றில் 10 பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது, படிப்புக்கான உதவி உண்டு.