போஸ்ட்கிரெஸ் உள்ளே: மாற்றிய நிலை பழையபடி திரும்பாத பிழைகளைப் பிடித்துத் திருத்துவது

போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) என்ற டேட்டாபேஸின் 17.0 பதிப்பில், எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசராக நுழைந்து ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு ரோல்களை உருவாக்குங்கள். ‘செட் ரோல் ஆல்ஃபா’ கொடுங்கள். பிறகு ‘பிகின்’, ‘செட் செஷன் ஆதரைசேஷன் பீட்டா’, ‘ரோல்பேக்’. இப்போது ‘ஷோ ரோல்’ கேளுங்கள். டிரான்ஸாக்ஷனே ரத்தாகிவிட்டது, ஆகவே ஆல்ஃபா என்று வரவேண்டும். வருவதோ ‘நன்’, அதாவது எந்த ரோலும் இல்லை. அதிகாரம் குறைந்த ரோலில் இருந்த செஷன் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சூப்பர்யூசராகத் திரும்பி நிற்கிறது.

பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2024-10978 என்று பதிவான பாதுகாப்புப் பிழையின் ஒரு முகம் இது. 2024 நவம்பர் 14 அன்று வந்த 17.1, 16.5, 15.9, 14.14, 13.17, 12.21 பதிப்புகளில் திருத்தினார்கள். செஷன் ஆதரைசேஷனை மாற்றினால் ரோல் ‘நன்’ ஆகவேண்டும் என்பது எஸ்கியூஎல் தரநிலையின் விதி. அந்த விதி, ஒரு செட்டிங் மாறும்போது தானாக ஓடி மதிப்பை நிறுவும் ஃபங்ஷனான அசைன் ஹுக்கின் வழியாகவே நிறைவேறிக்கொண்டிருந்தது. ரோல்பேக்கில் பழைய மதிப்பைத் திருப்பி வைப்பதும் அதே ஹுக்தான். ஆக, ஒன்றைப் பழையபடி வைக்கும் வேலையே பக்கத்தில் இருந்த இன்னொன்றைக் கலைத்துவிட்டது.

எடுத்ததை எடுத்த இடத்தில் வை என்பது எல்லா வீட்டிலும் சொல்கிற விதி. டேட்டாபேஸ் இன்ஜினுக்குள் அது கடினமாவதற்குக் காரணம், எடுத்த ஃபங்ஷன் வைப்பதற்குத் திரும்பி வரும் என்று உறுதியில்லை. அதனால் இந்த வகைப் பிழையைத் திருத்த உட்காரும்போது ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த இடத்தில் எரர் வந்தால் இதை யார் பழையபடி வைப்பார்கள்?

எரர் தாவும் விதம்

போஸ்ட்கிரெஸ் சி மொழியில் எழுதியது. எரர் அளவில் ‘ஈரிப்போர்ட்’ அழைத்தால், கடைசியாக எங்கே சிக்செட்ஜம்ப் போட்டிருக்கிறதோ அங்கே சிக்லாங்ஜம்ப் மூலம் தாவிவிடும். இடையில் இருந்த ஃபங்ஷன்களின் மீதி வரிகள் ஓடவே ஓடாது. நீங்கள் கடைசி வரியில் அக்கறையாக எழுதிய ‘பழைய மதிப்பைத் திருப்பி வை’ என்ற வரியும் அதில் அடக்கம்.

சில நிலைகளுக்கு ஏற்கெனவே பொறுப்பாளர் உண்டு. யூசர் ஐடியையும் செக்யூரிட்டி கான்டெக்ஸ்டையும் டிரான்ஸாக்ஷன் தொடங்கும்போதே குறித்துவைத்து, அபார்ட் (ரத்து) ஆகும்போது திருப்பி வைக்கிறார்கள். சேவ்பாயிண்ட் போட்டால் உள்ளே தொடங்கும் சப்டிரான்ஸாக்ஷனுக்கும் அப்படியே. ஜியூசி எனப்படும் செட்டிங்குகளுக்குத் தனி ஸ்டாக் இருக்கிறது. ஸ்னாப்ஷாட், பஃபர் பின், லாக் எல்லாவற்றையும் ரிசோர்ஸ் ஓனரும் அபார்ட்டும் பார்த்துக்கொள்ளும். நீங்களாக அறிவித்த ஸ்டாடிக் வேரியபிளுக்கு மட்டும் யாரும் இல்லை. எக்ஸ்டென்ஷன்களில் (வெளியிலிருந்து சேர்க்கும் துணை நிரல்களில்) பல பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன: ‘நான் இப்போது உள்ளே இருக்கிறேன்’ என்று சொல்லும் ஒரு பூல் கொடி, எரருக்குப் பிறகும் ட்ரூவாகவே தங்கிவிடும்.

அடிக்கடி வரும் ஒன்றை நெருக்கமாகப் பார்ப்போம்

குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவெடுப்பது பிளானர். டேபிள்களை இணைக்க அது தேர்ந்தெடுக்கும் வழிகளில் ஒன்று ஹேஷ் ஜாயின். ஒரு எக்ஸ்டென்ஷன், பிளானர் ஹுக்குக்குள் எனேபிள்_ஹேஷ்ஜாயின் என்ற சி வேரியபிளை நேரடியாக ஃபால்ஸ் ஆக்கி, பிளானரை அழைத்து, திரும்பியதும் பழைய மதிப்பை வைக்கிறது என்று கொள்வோம். சாதாரணமாகப் பிழையே தெரியாது. பிளான் போடும்போதே கான்ஸ்டன்ட் எக்ஸ்பிரஷனைக் கணக்கிடுவதால், குவெரியில் 1/0 இருந்தால் பிளானருக்குள்ளேயே எரர் வரும். அந்தக் கணத்திலிருந்து இந்த இணைப்பில் ஹேஷ் ஜாயின் அணைந்தே இருக்கும். புகார் வருவது வேறு வடிவத்தில்: ‘சில இணைப்புகளில் மட்டும் ரிப்போர்ட் மெதுவாக ஓடுகிறது’.

இதை உறுதிசெய்ய, அந்த இணைப்பிலேயே பிஜி_செட்டிங்ஸ் வியூவில் செட்டிங், ரீசெட்_வால், சோர்ஸ் என்ற மூன்று நெடுவரிசைகளைப் பாருங்கள். செட்டிங் ‘ஆஃப்’, ரீசெட்_வால் ‘ஆன்’, சோர்ஸ் ‘டிஃபால்ட்’ என்று வந்தால் யாரோ பின்வாசல் வழியாக மாற்றியிருக்கிறார்கள். முறையாக செட் கொடுத்திருந்தால் சோர்ஸ் ‘செஷன்’ என்று இருந்திருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. ‘ரீசெட் ஆல்’, சோர்ஸைப் பார்த்து, செஷனில் மாற்றப்படாதவற்றைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். இணைப்புகளைப் பலருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும் கனெக்ஷன் பூலர் ஒவ்வொரு முறையும் ‘டிஸ்கார்ட் ஆல்’ அனுப்பினாலும் இந்த அழுக்கு போகாது.

திருத்தம் நான்கு வரி. முதலில் நியூ-ஜியூசி-நெஸ்ட்-லெவல் அழைத்து வரும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பை செட்_கான்ஃபிக்_ஆப்ஷன் மூலம், ஜியூசி_ஆக்ஷன்_சேவ் கொடுத்து மாற்றுங்கள். பிளானரை அழையுங்கள். பிறகு அட்-இஓஎக்ஸாக்ட்-ஜியூசி ஃபங்ஷனுக்கு அந்த எண்ணைக் கொடுங்கள். அதன் முதல் ஆர்க்யுமெண்ட் ட்ரூ என்றால் சேவ் முறையில் வைத்தது திரும்பும், உள்ளே வேறு யாராவது கொடுத்த சாதாரண செட் தங்கும். ஃபால்ஸ் என்றால் அந்த மட்டத்தில் நடந்த எல்லாமே ரத்து. நடுவில் எரர் வந்தால் அபார்ட் வேலையே அந்த ஸ்டாக்கைக் கீழே வரைக்கும் அவிழ்த்துவிடும், ட்ரை-கேட்ச் எதுவும் வேண்டாம். வேறு சர்வரின் டேபிள்களை அணுக உதவும் போஸ்ட்கிரெஸ்_எஃப்டிடபிள்யூ எக்ஸ்டென்ஷன் இதே முறையில்தான் தேதி, ஃப்ளோட் வடிவங்களைத் தற்காலிகமாக மாற்றுகிறது. பார்த்து எழுத அது நல்ல மாதிரி.

யூசர் ஐடியும் சேர்ந்து மாறும் இடங்களில் வரிசை முக்கியம். முதலில் கெட்-யூசர்ஐடி-அண்ட்-செக்கான்டெக்ஸ்ட் மூலம் பழையதை எடுத்து, அதனுடன் செக்யூரிட்டி_ரெஸ்ட்ரிக்டட்_ஆபரேஷன் பிட்டை ‘ஆர்’ செய்து வையுங்கள். பழைய பிட்டுகளைத் துடைத்துவிட்டு புதியதை மட்டும் வைத்தால் வெளியே போட்டிருந்த காவல் போய்விடும். அதன்பின் ஜியூசி மட்டம் திறக்க வேண்டும். மூடும்போது தலைகீழாக: ஜியூசி முதலில், யூசர் ஐடி பிறகு.

பிழையைப் பிடிக்க

இரண்டு பில்டுகள் வேண்டும். ஒன்று எனேபிள்-கேஸர்ட் (கோடின் உள் சோதனைகளை இயக்குவது), எனேபிள்-டீபக் கொடுத்து ஓ-ஜீரோ ஆப்டிமைசேஷனில். மற்றது அதே கேஸர்ட்டுடன் ஓ-டூவில். கேஸர்ட் பில்டில், விடுவித்த மெமரி முழுவதும் 7எஃப் என்ற பைட்டால் நிரப்பப்படும். ஜிடிபி டீபக்கரில் ஒரு பாயிண்டரைப் பார்க்கும்போது 0எக்ஸ்-க்குப் பின்னால் 7எஃப் எட்டு முறை வரிசையாகத் தெரிந்தால், போய்விட்ட மெமரி கான்டெக்ஸ்டிலிருந்து (மொத்தமாக விடுவிக்கப்படும் மெமரித் தொகுப்பிலிருந்து) யாரோ படிக்கிறார்கள் என்று பொருள். நிலை திரும்பாத பிழைக்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடைப்பது அரிது.

பிழை நடந்த இடமும் வெளிப்படும் இடமும் ஒன்றாக இருக்காது. பெரும்பாலும் அடுத்த கமாண்டில்தான் வெடிக்கும். ஆகவே ஒரே செஷனில் இந்த வரிசையை ஓட்டுங்கள்: பிகின், சேவ்பாயிண்ட், சந்தேகப்படும் செயலை நடுவில் எரர் வரும்படி, ரோல்பேக் டு, அதே செயலை எரர் இல்லாமல், கமிட். சேவ்பாயிண்ட் இல்லாமல் மட்டும் சோதித்தால், முழு டிரான்ஸாக்ஷன் அபார்ட் எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி, பிழையையும் சேர்த்து மறைத்துவிடும்.

ஜிடிபி-க்கு, பிஜி_பேக்எண்ட்_பிஐடி கொடுக்கும் எண்ணை வைத்து இணையுங்கள். சிக்யூஎஸ்ஆர்1 சிக்னலில் நிற்காமல் கடத்திவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தொட்டதற்கெல்லாம் நிற்கும். எர்ஃபினிஷ் ஃபங்ஷனில் பிரேக்பாயிண்ட் வையுங்கள். நோட்டீஸ்களுக்கும் நிற்காமல் இருக்க ஈலெவல் 21 அல்லது மேல் என்று நிபந்தனை போடலாம். அது 14-ஆம் பதிப்பு முதல். 13 வரை எரரின் எண் 20. பிறகு சந்தேகப்படும் குளோபல் வேரியபிளில் வாட்ச்பாயிண்ட். மாற்றியது யார், திருப்பியது யார் என்று வரிசையாகக் காட்டும். மாற்றியவருக்கு ஜோடியாகத் திருப்பியவர் இல்லாத இடம்தான் நீங்கள் தேடுவது.

பிஜி_ட்ரை எழுதவே வேண்டியிருந்தால்

எரரை நாமே பிடிக்க உதவும் பிஜி_ட்ரை, பொறுப்பாளர் இல்லாத நிலைக்குத்தான். 13-ஆம் பதிப்பிலிருந்து பிஜி_ஃபைனலி இருக்கிறது. எரர் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே திருப்பும் வேலை என்றால் அதையே எழுதுங்கள், இரண்டு இடத்தில் பிரதி வைக்காதீர்கள்.

ட்ரை பிளாக்குக்குள்ளிருந்து ரிட்டர்ன், கோ-டு, வெளியே போகும் பிரேக் எதுவும் கூடாது. பிஜி_எண்ட்_ட்ரை வரி ஓடாவிட்டால் எக்ஸெப்ஷன் ஸ்டாக் பாயிண்டர், முடிந்துபோன ஃபங்ஷனின் ஃபிரேமையே காட்டிக்கொண்டிருக்கும். அடுத்து எங்கே எரர் வந்தாலும் கிராஷ், அதுவும் சம்பந்தமே இல்லாத கோடில்.

ட்ரைக்குள் மாற்றி, கேட்ச்சில் படிக்கும் லோக்கல் வேரியபிள் வோலடைல் ஆக இருக்கவேண்டும். இல்லையென்றால் தாவலுக்குப் பின் அதன் மதிப்புக்கு உத்தரவாதம் இல்லை என்கிறது சி தரநிலை. ஓ-ஜீரோவில் சரியாக ஓடும், ஓ-டூவில் ரெஜிஸ்டரில் இருந்த பழைய மதிப்பு வரும். இரண்டு பில்டு கேட்டது இதற்காகத்தான். பாயிண்டர் என்றால் வோலடைல் என்ற சொல் நட்சத்திரத்துக்குப் பின்னால் வரவேண்டும். முன்னால் போட்டால் அது சுட்டும் பொருள்தான் வோலடைல், பாயிண்டர் அல்ல.

எரரை விழுங்கும் கேட்ச் தனிக் கதை. கேட்ச்சுக்குள் நுழையும்போது நடப்பு மெமரி கான்டெக்ஸ்ட், எரர்கான்டெக்ஸ்டாக இருக்கும். அங்கேயே பேலாக் செய்து (மெமரி ஒதுக்கி) எதையாவது வைத்தால், ஃப்ளஷ்-எரர்ஸ்டேட் அழைத்ததும் அது காலி. எரரை மறுபடி மேலே அனுப்பாமல் தொடர வேண்டுமானால் பிஎல்/பிஜிஎஸ்கியூஎல்-இன் எக்ஸெப்ஷன் பிளாக் செய்வதையே செய்யுங்கள்: மெமரி கான்டெக்ஸ்டையும் ரிசோர்ஸ் ஓனரையும் குறித்துக்கொண்டு உள் சப்டிரான்ஸாக்ஷன் தொடங்குவது, கேட்ச்சில் பழைய கான்டெக்ஸ்டுக்கு மாறி எரரைக் காப்பி-எரர்டேட்டா மூலம் நகலெடுத்து, ஃப்ளஷ் செய்து, சப்டிரான்ஸாக்ஷனை ரோல்பேக் செய்து விடுவிப்பது, அதன்பின் குறித்துவைத்த இரண்டையும் மறுபடி வைப்பது. கடைசிப் படியை விட்டால் ரிசோர்ஸ் ஓனர் தவறான இடத்தில் நிற்கும்.

ஸ்கேன் நிலைக்கும் இதே விதி

வரிசைப்படுத்திய இரண்டு பக்கங்களை ஒப்பிட்டு இணைக்கும் மெர்ஜ் ஜாயின், உள் பக்க ஸ்கேனை மார்க் செய்து, வெளிப் பக்கத்தில் அதே கீ மறுபடி வந்தால் அந்த இடத்துக்குத் திரும்புகிறது. பி-ட்ரீ இண்டெக்ஸில் பக்கமும் ஐட்டம் எண்ணும் திரும்பினால் போதாது. ‘ஈக்வல் எனி’ போன்ற நிபந்தனை இருந்தால் அதன் அர்ரே கீகளும் அந்த இடத்துக்கு ஏற்றபடி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எரர் வராது, டேட்டா வரிசைகள் விடுபடும், அது இன்னும் மோசம். இந்த வழியை ஓடவைக்க எனேபிள்_ஹேஷ்ஜாயின், எனேபிள்_நெஸ்ட்லூப், எனேபிள்_மெட்டீரியல் மூன்றையும் அணைத்து, இரண்டு பக்கமும் ஒரே கீ பல முறை வரும் டேட்டாவைக் கொடுங்கள். உள் பக்கம் யுனீக் என்று பிளானருக்குத் தெரிந்தால் மார்க் செய்வதையே தவிர்த்துவிடலாம், உங்கள் டெஸ்ட் எதையும் சோதிக்காமல் பாஸ் ஆகும்.

டெஸ்டும் பேக்பேட்ச்சும்

ரெக்ரஷன் டெஸ்டை, திருத்தம் இல்லாத கோடில் முதலில் ஓட்டி அது தோற்கிறதா என்று பாருங்கள். பிறகு முழுத் தொகுப்பையும் டீபக்_பேரலல்_குவெரி ‘ரெக்ரஸ்’ என்று வைத்து ஒருமுறை ஓட்டுங்கள் (15 வரை இதன் பெயர் ஃபோர்ஸ்_பேரலல்_மோட்). ஒரு குவெரியைப் பல பிராசஸ்கள் பகிர்ந்து ஓட்டும்போது, லீடரின் நிலையைப் பேரலல் வொர்க்கரில் மறுபடி கட்டியெழுப்புவதும் மீட்பு வேலைதான். மேலே சொன்ன ரோல் பிழையின் இன்னொரு வடிவமும் அங்கேதான் இருந்தது: லீடரில் ரோல் இருக்க, வொர்க்கருக்குள் ‘நன்’ என்று தெரிந்தது.

ஏற்கெனவே வெளியான பதிப்புக்குத் திருத்தத்தைக் கொண்டுபோகும் (பேக்பேட்ச்) ஸ்டேபிள் பிராஞ்சில், பழைய மதிப்பை வைக்க ஸ்ட்ரக்டில் புது ஃபீல்டு சேர்த்தால் அதன் அளவு மாறக்கூடாது. பாஹோல் கருவி காட்டும் பேடிங் இடைவெளியில் பொருத்துங்கள். 17.1 வெளியீட்டிலேயே இன்னொரு திருத்தத்துக்காக ரிசல்ட்ரெல்இன்ஃபோ ஸ்ட்ரக்ட் பெரிதாகி, முன்பு பில்டு செய்த டைம்ஸ்கேல்டிபி போன்ற எக்ஸ்டென்ஷன்கள் பாதிக்கப்பட்டன. அதே வெளியீட்டின் ரோல் திருத்தமும், ‘ஆல்டர் ரோல்’ மூலமோ பிஜிஆப்ஷன்ஸ் மூலமோ வைத்த ரோல் அமலுக்கு வராமல் செய்துவிட்டது. ஒரே வாரத்தில், நவம்பர் 21 அன்று, 17.2-ஐ வெளியிட்டு இரண்டையும் சரிசெய்தார்கள். ஆகவே உங்கள் பேட்ச் ஒரு ஜியூசியைத் தொட்டால், அந்த மதிப்பு வரக்கூடிய ஒவ்வொரு வழிக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள்: கான்ஃபிக் ஃபைல், ஆல்டர் டேட்டாபேஸ், ஆல்டர் ரோல், பிஜிஆப்ஷன்ஸ், செஷனில் கொடுக்கும் செட், ஃபங்ஷனோடு ஒட்டிய செட், அவற்றோடு ரோல்பேக்.