உற்பத்தியும் பிறப்பும்: இந்த ஆங்கிலச் சொற்களைக் குழப்பம் இல்லாமல் படிப்பது எப்படி?

'ப்ரொடியூஸ்', 'ப்ராடக்ட்', 'ஜெனரேட்', 'ப்ரீட்', 'ஸ்பான்', 'யீல்ட்'. உண்டாக்குவது, பிறப்பிப்பது என்ற கருத்தைச் சுற்றி ஆங்கிலத்தில் இப்படி ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. அகர வரிசையில் உருப்போட்டால் தேர்வு வரைக்கும் நிற்கும், அப்புறம் போய்விடும். நான் படித்து நிலைத்த வழியைச் சொல்கிறேன்.

படி 1: வேருக்கு ஒரு பக்கம்

நோட்டு எடுங்கள். செயலி வேண்டாம், கையால் எழுதினால்தான் இது நிற்கிறது. முதல் பக்கத்தின் தலைப்பில் டி, யூ, சி என்ற மூன்று எழுத்து. லத்தீனில் 'டூகெரே' என்றால் வழிநடத்து. 'ப்ரோ' என்றால் முன்னால். முன்னால் கொண்டுவந்து காட்டுவதுதான் 'ப்ரொடியூஸ்'. 'ரெட்யூஸ்', 'இன்ட்ரொட்யூஸ்', 'கண்டக்டர்' எல்லாம் இதே பக்கத்துக்கு வரும்.

அடுத்த பக்கம் ஜி, ஈ, என். பிறப்பு என்ற வேர். 'ஜெனரேஷன்', 'ஜெனரேட்டர்', 'ஜெனிசிஸ்' எல்லாம் இங்கே. 1909-இல் டென்மார்க் தாவரவியலாளர் யோஹன்சன் உருவாக்கிய 'ஜீன்' என்ற சொல்லும் இங்கேதான். 'ஹைட்ரஜன்' என்றால் நீரைப் பிறப்பிப்பது. நாம் சொல்லும் ஜனனம், ஜென்மம் இரண்டும் சமஸ்கிருத வழியாக வந்த இதே வேரின் உறவுகள், அதனால் இந்தப் பக்கம் தமிழருக்குச் சுலபமாக ஏறும்.

மூன்றாவது பக்கம் 'ப்ரோலெஸ்', அதாவது பிள்ளைகள். எழுதித் தள்ளும் எழுத்தாளரை 'ப்ரொலிஃபிக்' என்கிறோமே, அது இங்கிருந்து வந்தது. 'ப்ரொலிட்டேரியன்' என்பதும் இதே வேர்தான்: சொத்து இல்லாத, அரசுக்குப் பிள்ளைகளை மட்டுமே தரக்கூடியவர் என்று பழைய ரோமில் கடைசி வகுப்பாருக்கு வைத்த பெயர். எனக்கு அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் மனது கனக்கும்.

படி 2: அழுத்தம் எங்கே?

என்னை நீண்ட நாள் நிறுத்தி வைத்த இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே போவோம். ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொல் இருக்கிறது. வினையாக வந்தால் அழுத்தம் பின்னால்: 'ப்ரடியூஸ்'. பெயராக வந்தால் முன்னால்: 'ப்ராடியூஸ்'. பெயராக வரும்போது பொருளும் சுருங்கிவிடும். காய்கறி, பழம் போன்ற விளைபொருள் மட்டும்தான். தொழிற்சாலையில் செய்த சோப்பு 'ப்ராடக்ட்'. சந்தைக்கு வரும் கத்தரிக்காய் 'ப்ராடியூஸ்'. இதற்குப் பன்மை கிடையாது, கடைசியில் 'எஸ்' சேர்க்கவே கூடாது. ஏக்கருக்கு எவ்வளவு என்ற அளவைப் பேசினால் சொல் மாறி 'யீல்ட்' ஆகிவிடும்.

குடும்பம் முழுக்க அழுத்தம் நகர்ந்துகொண்டே இருக்கும்: 'ப்ராடக்ட்', 'ப்ரடக்டிவ்', 'ப்ராடக்டிவிட்டி'. கண்ணால் படித்தால் பிடிபடாது. ஒலி கேட்கும் வசதியுள்ள நல்ல கற்போர் அகராதியைத் திறந்து, கேட்டுக் கேட்டுத் திரும்பச் சொல்லுங்கள். சொற்பிறப்பு பார்க்க எனக்குப் பிடித்தது 'எடிம்ஆன்லைன்' என்ற இணையதளம்.

படி 3: எது எதை ஈனும்?

தமிழில் பசு கன்று ஈனும், ஆடு குட்டி போடும், வாழை குலை தள்ளும். எல்லாவற்றுக்கும் ஒரே வினையைப் போட்டால் கேட்கிறவர் சிரிப்பார். ஆங்கிலமும் அப்படித்தான். பசுவுக்குக் 'காவ்', குதிரைக்கு 'ஃபோல்', பன்றிக்கு 'ஃபாரோ', மீனும் தவளையும் முட்டையிட்டால் 'ஸ்பான்'. குஞ்சு ஓட்டை உடைத்து வருவது 'ஹாட்ச்'. ஒரே ஈற்றில் பிறந்த நாய்க்குட்டிகள் ஒரு 'லிட்டர்', ஒரே தடவையில் இட்ட முட்டைகள் ஒரு 'க்ளட்ச்', பொரிந்த குஞ்சுகள் ஒரு 'ப்ரூட்'.

மனிதரைப் பற்றிப் பேசும்போது கவனம். 'ப்ரீட்' என்பது கால்நடைக்கும் பயிருக்கும் உரிய சொல், மனிதருக்குச் சொன்னால் இழிவு. 'ரீப்ரொடியூஸ்' உயிரியல் பாடப்புத்தக வாசனை அடிக்கும். வீட்டில், ஆஸ்பத்திரியில் 'கிவ் பர்த்' அல்லது 'ஹேவ் எ பேபி' போதும்.

பிறகு சேர்த்தது

டாக்டர் "ப்ரொடக்டிவ் காஃபா?" என்று கேட்டதும் விழித்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். சளி வெளியே வரும் இருமலா என்பதுதான் கேள்வி. வறட்டு இருமல் 'ட்ரை'. படி 1-இல் சொன்ன "முன்னால் கொண்டுவருதல்" அப்படியே இங்கே பொருந்துகிறது, பாருங்கள்.

இன்னொருவர் மென்பொருள் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர். "இந்தப் பிழையை ரீப்ரொடியூஸ் பண்ண முடியுதா?" என்று மேலாளர் கேட்டால், அதே படிகளைச் செய்து அதே பிழையைத் திரும்ப வரவழைக்க முடிகிறதா என்று அர்த்தம். ஓவியத்தின் நகலுக்கும் 'ரீப்ரொடக்‌ஷன்' என்றே பெயர், உயிரியல், பிழை, ஓவியம் என்ற மூன்று பொருளையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள்.

பிள்ளை, குட்டி என்று பொருள்படும் 'ஆஃப்ஸ்ப்ரிங்' பன்மையில் என்ன ஆகும் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். ஒன்றானாலும் பத்தானாலும் 'ஆஃப்ஸ்ப்ரிங்' என்றே எழுதுங்கள்.