நிர்வாகத்தின் நோக்கம் குறித்த கருத்துகளின் வரலாற்றைப் படிப்பது எப்படி?

வணிக நிர்வாகம் எதற்காக என்ற கேள்விக்கு நூறாண்டுகளுக்கும் மேலாகத் தரப்பட்டுவரும் விடைகளைக் கற்க விரும்புபவர், வரையறைகளை ஆண்டுவாரியாக மனப்பாடம் செய்வதில் தொடங்க வேண்டாம். அவற்றுள் பெரும்பாலானவை ஏதோ ஒரு பூசலுக்கு நடுவே சொல்லப்பட்டவை என்பதால், யார் யாரிடம் எதைக் கேட்டார்கள் என்பதை முதலில் குறித்துக்கொள்வது நல்லது.

தொடங்குவதற்கு 1919ஆம் ஆண்டின் டாட்ஜ்–ஃபோர்டு வழக்கே பொருத்தமானது. ஹென்றி ஃபோர்டு தம் கார் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு வழங்கிவந்த சிறப்பு ஈவுத்தொகையை (லாபத்தில் தரப்படும் பங்கை) நிறுத்திவிட்டு, லாபத்தை ஆலை விரிவாக்கத்துக்கும் கார் விலையைக் குறைப்பதற்கும் பயன்படுத்த முற்பட்டார். 10 சதவீதப் பங்கு வைத்திருந்த டாட்ஜ் சகோதரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். (அவர்களும் அப்போது சொந்தமாகக் கார் தயாரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.) நிறுவனம் முதன்மையாகப் பங்குதாரர்களின் லாபத்துக்காகவே நடத்தப்படுகிறது என்று கூறிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம், ஏறத்தாழ 1.9 கோடி டாலரை ஈவுத்தொகையாக வழங்க ஆணையிட்டது. பலரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நீதிபதிகள் வணிக வல்லுநர்கள் அல்லர் என்று அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டு, ஆலை விரிவாக்கத்தைத் தடுக்க மறுத்ததையும் சேர்த்துப் படித்தால்தான், நிர்வாகிக்கு அது எவ்வளவு இடம் விட்டுவைத்தது என்பது புலப்படும்.

அடுத்து 1931–32இல் சட்ட அறிஞர்கள் பெர்லியும் டாடும் நடத்திய விவாதத்தை எடுத்துக்கொள்ளலாம். நிர்வாகிகளின் அதிகாரம் பங்குதாரர்களின் நன்மைக்காக ஒப்படைக்கப்பட்டது என்றார் பெர்லி. நிறுவனத்துக்கு லாபத்தோடு சமூகப் பணியும் உண்டு என்றார் டாட். 1954இல் பெர்லியே, நடைமுறை டாடின் பக்கம் சாய்ந்துவிட்டதாக ஏற்றுக்கொண்டார். வாடிக்கையாளரை உருவாக்குவதே வணிகத்தின் நோக்கம் என்று மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் எழுதியதும் அதே ஆண்டில்தான்.

1970இல் பொருளியல் அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் எழுதிய கட்டுரையைப் பிறர் தரும் சுருக்கங்களை நம்பாமல் நேரடியாகவே படிக்க வேண்டும். லாபத்தைப் பெருக்குவதே வணிகத்தின் பொறுப்பு என்ற வரியை எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். சட்டத்திலும் அறநெறி வழக்கத்திலும் வேரூன்றிய அடிப்படை விதிகளுக்கு உட்பட்டு என்று அவர் விதித்த நிபந்தனையை அவருடைய ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் ஒருசேர விட்டுவிடுகிறார்கள். அதற்கு மாற்றாக, நிறுவனத்தால் பாதிக்கப்படும் அனைவரையும் கணக்கில் கொள்ளும் கோட்பாட்டை மேலாண்மை அறிஞர் எட்வர்ட் ஃபிரீமன் 1984இல் விரிவாக முன்வைத்தார்.

இறுதியாக ஒரு பயிற்சி. அமெரிக்கப் பெருநிறுவனத் தலைவர்களின் அமைப்பான பிசினஸ் ரவுண்ட்டேபிள் 1997இலும் 2019இலும் வெளியிட்ட அறிக்கைகளை அருகருகே வைத்து, யாருக்கான கடமை எந்த வரிசையில் வருகிறது என்று அடிக்கோடிடுங்கள். முதலாவதில் தலையாய இடம் பங்குதாரர்களுக்கு. 181 தலைமைச் செயல் அதிகாரிகள் கையெழுத்திட்ட இரண்டாவதில் வாடிக்கையாளர், ஊழியர், சரக்கு வழங்குவோர், சுற்றுச் சமூகம் ஆகியோருக்குப் பின்னரே பங்குதாரர்கள் வருகிறார்கள். ஊழியருக்கும் பங்குதாரருக்கும் நலன் முரண்படும்போது யார் பக்கம் நிற்பது என்று பின்னைய அறிக்கை சொல்கிறதா என்பதைத் தேடிப் பார்த்துவிட்டு, மீண்டும் 1919 தீர்ப்பை எடுத்துப் படியுங்கள்.